தட்டில் விழுந்த மங்கல்

வானம் அளந்தவர்கள் – 17

சென்ற வாரம் கென் ஃப்ரீமனின் எண்ணோடு நிறுத்தியிருந்தோம். 1970-ல் அந்த ஆஸ்திரேலிய வானியலாளர் வட்டு வடிவ விண்மீன் மண்டலங்கள் 36-ஐ எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வட்டும் நடுவில் எவ்வளவு பிரகாசம் என்று கணக்கிட்டார். பெரியது, சிறியது, அருகில் இருப்பது, தள்ளி இருப்பது எல்லாம் கலந்த பட்டியல் அது. அப்படியும் 28 மண்டலங்கள் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நின்றன: சதுர வில்நொடிக்கு 21.65. (வில்நொடி என்பது வானத்தில் அகலத்தை அளக்கும் மிகச் சிறிய கோண அலகு. இந்த அளவுகோலில் எண் கூடக்கூட மங்கலும் கூடும்.) குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றி எடுத்ததுபோல இயற்கை ஏன் எல்லா வட்டுகளையும் ஒரே பிரகாசத்தில் வார்க்க வேண்டும்? காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. பிடிபடாமலேயே அதற்கு ‘ஃப்ரீமன் விதி’ என்று பெயரும் வந்துவிட்டது.

1976-ல் கார்டிஃப் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மைக் டிஸ்னி ‘நேச்சர்’ இதழில் அந்த விதியையே சந்தேகித்தார். நிலவில்லாத இரவில், விளக்குகள் எட்டாத மலை உச்சியில்கூட வெறும் வானத்துக்கு என்று ஒரு வெளிச்சம் இருக்கிறது. அதே அளவுகோலில் அது 22-க்கும் 23-க்கும் இடையில் வரும். ஃப்ரீமனின் எண் அதைவிடச் சற்றே பிரகாசமான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பொருத்தம் டிஸ்னிக்கு உறுத்தியது. இதைவிட மங்கலான வட்டுகள் வான வெளிச்சத்தில் அமிழ்ந்துபோகும். மிகவும் செறிவான மண்டலங்கள் வெறும் விண்மீன்போலத் தோன்றி ஏமாற்றிவிடும். நடுவில் அகப்படுபவற்றை மட்டும் எண்ணிவிட்டு, உலகத்தில் உள்ளதே இவ்வளவுதான் என்கிறோமோ?

சல்லடையில் தங்கியதைப் பார்த்து, கீழே விழுந்தது எதுவுமில்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் கீழே ஏதோ விழுந்திருக்கிறது என்று சொல்பவர் ஒன்றையாவது பொறுக்கிக் காட்ட வேண்டும். பத்து ஆண்டுகள் யாரும் காட்டவில்லை.

வெயிலில் ஏற்றிய அகல்

மங்கலான மண்டலம் என்றதும் எழும் முதல் எண்ணம், அது வெகுதொலைவில் இருப்பதால்தான் தெரியவில்லை, பெரிய தொலைநோக்கி வந்தால் தெரிந்துவிடும் என்பது. தனி விண்மீனுக்கு இது சரி. பரந்து கிடக்கும் பொருளுக்குச் சரியாகாது. ஒரு மண்டலத்தை இரு மடங்கு தள்ளி வைத்தால் அதிலிருந்து நம்மை எட்டும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. வானத்தில் அது அடைக்கும் பரப்பும் நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆகவே ஒரு சதுர வில்நொடிக்குள் வந்து சேரும் ஒளி அப்படியே இருக்கிறது. பிரபஞ்சம் விரிவதால் மிகத் தொலைவில் கொஞ்சம் மங்கும் என்பது உண்மைதான். நம் கதையில் வரும் தொலைவுக்கு அது பெரிய கணக்கு இல்லை. தொலைநோக்கியைப் பெரிதாக்கினாலும் இதே சிக்கல் கூடவே வருகிறது. பெரிய கண்ணாடி மண்டலத்தின் ஒளியைக் கூடுதலாகச் சேர்க்கிறது. வானத்தின் வெளிச்சத்தையும் அதே விகிதத்தில் கூடுதலாகச் சேர்க்கிறது. நடுப்பகல் வெயிலில் ஏற்றிய அகலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதால் சுடர் துலங்கிவிடாது.

இன்றைய நாயகனின் அளவைச் சொன்னால் இது இன்னும் உறைக்கும். வியாழன் கோள் நமக்கு மிக அருகில் வரும்போது அதன் வட்டு வானத்தில் சுமார் 50 வில்நொடி அகலம். இந்த வாரம் நாம் சந்திக்கப் போகும் மண்டலம் அதைப்போல் இரு மடங்கு அகலம். கலிலியோவின் சிறு குழாயிலேயே வியாழனின் வட்டம் தெரிந்தது. இரு மடங்கு அகலமான ஒன்று 1986 வரை யார் பட்டியலிலும் ஒரு பெரிய வட்டாகப் பதிவாகவில்லை என்றால், அதன் தூரத்தையோ அளவையோ குற்றம் சொல்ல முடியாது. அதன் வட்டு இரவு வானத்தின் வெறுமையைவிட இருபது மடங்குக்கு மேல் மங்கல். மறைத்தது இருட்டு என்று நினைக்கிறோம்; மறைத்தது வெளிச்சம்.

இருட்டறையில் ஒரு வேதியியலாளர்

டிஸ்னியின் சந்தேகத்துக்குச் சாட்சி தேடித் தந்தவர் கோட்பாட்டாளர் அல்லர். பெரிய தொலைநோக்கி கட்டியவரும் அல்லர். இங்கிலாந்தில் பிறந்த டேவிட் மாலின் வேதியியல் தொழிலில் நுண்ணோக்கிப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். 1975-ல் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வான்நோக்ககத்தில் புகைப்பட வல்லுநராகச் சேர்ந்தார். வானியல் பட்டம் இல்லாத அவருக்குப் படச்சுருளின் பூச்சு தெரியும். இந்தக் கதையின் திருப்பத்துக்கு அந்த அறிவே போதுமானதாக இருந்தது.

ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் மலையில் 1.2 மீட்டர் ஷ்மிட் தொலைநோக்கி ஒன்று வானத்தைப் பெரிய கண்ணாடித் தட்டுகளில் படமெடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டும் ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் சதுரம். ஒரு பக்கத்தில் பதின்மூன்று முழுநிலாக்களை வரிசையாக அடுக்கும் அளவு வானம் அதில் அடங்கும். தட்டின் மேல் உள்ள ஒளியுணர் பூச்சு ஒரு மெல்லிய அடுக்கு. மாலின் கவனித்தது இதுதான்: மிக மங்கலான ஒளியால் உண்டாகும் வெள்ளித் துகள்கள் அந்தப் பூச்சின் மேற்பரப்பை ஒட்டியே படிகின்றன. ஒளி படாமலே வேதிவினையால் கருத்துப்போகும் ‘மூட்டம்’ மட்டும் பூச்சின் ஆழம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அப்படியானால் மேல் அடுக்கை மட்டும் பிரதி எடுத்தால்? மூலத் தட்டை உயர்மாறுபாட்டுப் படச்சுருளோடு முகத்தோடு முகமாக ஒட்டிவைத்து, எல்லாத் திசையிலிருந்தும் பரவி வரும் ஒளியைப் பாய்ச்சினார். ஒட்டியிருக்கும் மேல் அடுக்கு கூர்மையாகப் பதிகிறது. ஆழத்தில் உள்ள மூட்டம் கலைந்து கரைகிறது. பல தட்டுகளிலிருந்து இப்படி எடுத்த பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால், வானத்தின் வெளிச்சத்துக்கு அடியில் கிடப்பதும் எழுந்து வருகிறது.

1978-ல் இந்த முறையை வெளியிட்டார். 1980-ல் மாலினும் டேவிட் கார்ட்டரும், எந்த அம்சமும் இல்லாதவை என்று கருதப்பட்ட நீள்வட்ட மண்டலங்களைச் சுற்றி மெல்லிய ஓடுகள் போன்ற வளையங்கள் இருப்பதைக் காட்டினார்கள். அதே வானம்தான், துலங்க வைக்கும் வழி புதிது. டிஸ்னியின் வாதத்துக்கு அப்போதே பாதி வலு கிடைத்துவிட்டது என்பது என் கணிப்பு. ஆனால் ஓடு என்பது தெரிந்த மண்டலத்தின் ஓரம். முழு மண்டலமே காணாமல் போயிருக்கிறது என்று நிறுவ அது போதாது.

இருபத்திரண்டு மடங்கு

1980-களின் நடுவில் கிரெகரி போதன், கிறிஸ் இம்பி, ஜெரமி மோல்ட் ஆகிய மூவரும் மாலினோடு சேர்ந்து கன்னிக் கொத்தைத் தேடத் தொடங்கினார்கள். நமக்குச் சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள பெரிய மண்டலக் கூட்டம் அது. அவர்கள் எதிர்பார்த்தது சின்னஞ்சிறு மண்டலங்களை. மற்ற கணக்கெடுப்புகளில் நழுவிப்போன குள்ள மண்டலங்களை. மாலினின் பெருக்கப்பட்ட பிரதிகளில் அப்படிப்பட்ட மங்கல்கள் நிறையவே கிடைத்தன. அவற்றில் ஒன்று சற்று விசித்திரம். நடுவில் ஒரு சிறிய செறிவான மையம், அதைச் சுற்றி மிக மெல்லிய புகை, அந்தப் புகையில் சுருளின் சாயல். குள்ள மண்டலங்களுக்குச் சுருள் கைகள் இருப்பது அரிது.

கதை வேறு பக்கம் போயிருக்கக்கூடிய இடம் இது. பட்டியலில் ஒரு வரிசை எண் கொடுத்து, ‘கன்னிக் கொத்துக் குள்ளன், வடிவம் ஐயத்துக்குரியது’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். ஒரு படத்தில் உள்ள மங்கல் அருகில் இருக்கும் சிறியதா, தொலைவில் இருக்கும் பெரியதா என்று படம் சொல்லாது. அவர்கள் அந்த மையத்தின் ஒளியைப் பிரித்துப் பார்க்கத் தீர்மானித்தார்கள்.

1986-ல் பலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியில் நிறமாலை எடுக்கப்பட்டது. கன்னிக் கொத்தைச் சேர்ந்ததென்றால் அது நம்மைவிட்டு நொடிக்குச் சுமார் 1,100 கிலோமீட்டர் வேகத்தில் விலகிக்கொண்டிருக்க வேண்டும். நிறமாலைக் கோடுகளின் செம்பெயர்ச்சி காட்டிய வேகம் ஏறத்தாழ 25,000.

அந்த ஓர் எண் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. மங்கல் கன்னிக் கொத்தில் இல்லை. அதைப்போல் இருபத்திரண்டு மடங்கு தொலைவில், சுமார் 120 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. தொலைவு இருபத்திரண்டு மடங்கு என்றால் அகலமும் அத்தனை மடங்கு. குள்ளன் என்று பிடித்தது ராட்சதனாகிவிட்டது. இன்றைய அளவீட்டில் அதன் விட்டம் சுமார் 6.5 லட்சம் ஒளியாண்டு. நம் பால்வீதிக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு ஒரு லட்சம்.

பெரியது என்பது ஒரு மையத்தின் நிறமாலையை நம்பி எடுத்த முடிவு. சுற்றியுள்ள புகை அந்த மையத்தோடு சேர்ந்ததுதானா, இல்லை முன்னால் நிற்கும் வேறொரு குள்ளனா? நியாயமான கேள்வி. பதில் புவெர்டோ ரிக்கோவின் அரெசிபோவிலிருந்து வந்தது. அங்கே இருந்த 305 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி ஹைட்ரஜன் வாயுவின் 21 சென்டிமீட்டர் அலையைக் கேட்கக்கூடியது. கன்னிக் கொத்தில் உள்ள வாயு என்றால் 1,415 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒலிக்க வேண்டும். பலோமர் நிறமாலை சொன்ன வேகத்துக்கு 1,312 அருகே தேட வேண்டும். அங்கே தேடினார்கள், அங்கேயே இருந்தது. அதுவும் சூரியனின் எடையைப்போல் ஏறத்தாழ 7,000 கோடி மடங்கு ஹைட்ரஜன், பால்வீதியில் உள்ளதைப்போல் பல மடங்கு. முன்னால் நிற்கும் குள்ளன் என்ற ஐயம் அத்தோடு ஓய்ந்தது. 1987-ல் நால்வரும் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மண்டலத்துக்கு ‘மாலின் 1’ என்று பெயர் நிலைத்தது. பெயர் இருட்டறைக்காரருக்குப் போனது எனக்கு நியாயமாகவே படுகிறது.

குருட்டு அதிர்ஷ்டமா?

எடுத்த எடுப்பில் எழும் மறுப்பு, இது தற்செயல் என்பது. அவர்கள் தேடியது குள்ளர்களை, கிடைத்தது ராட்சதன். இதில் டிஸ்னியின் வாதத்துக்கு என்ன பங்கு? பொருள் தற்செயலாகச் சிக்கியது என்பதை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் சிக்கவைத்த ஒவ்வொரு கண்ணியும் ‘நம் கணக்கில் ஓட்டை இருக்கிறது’ என்ற நம்பிக்கையால் கோத்தது. ஓட்டை இருப்பதாக நினைக்காதவர் மூட்டத்துக்கு அடியில் பார்க்கத் தட்டுகளை அடுக்கியிருக்க மாட்டார். வரிசையும் முக்கியம். தட்டு இல்லாமல் நிறமாலை எடுக்க இடம் தெரியாது. நிறமாலை இல்லாமல் அரெசிபோ கன்னிக் கொத்தின் அலைவரிசையில் செவிசாய்த்து, எதுவும் கேட்காமல், ‘வாயு இல்லாத குள்ளன்’ என்று எழுதியிருக்கும். அன்றைக்கு உலகின் மிகப் பெரிய வட்டில் ரேடியோ கண்ணாடிக்கும் எங்கே தேடுவது என்று ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஒரு ராட்சதன் அகப்பட்டதால் ஊரெங்கும் ராட்சதர்கள் என்று ஆகிவிடுமா? டிஸ்னியின் வாதத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள்: தெரிந்த மண்டலங்கள் பனிப்பாறையின் நுனி, அடியில் மிகப் பெரிய கூட்டம். இதைச் சோதிக்க நேர்மையான வழி, ஒளியை விட்டுவிட்டு ஹைட்ரஜனை மட்டும் தேடுவது. வான வெளிச்சம் அங்கே குறுக்கிடாது. 1990-களின் இறுதியில் தொடங்கி ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி தென்வானம் முழுவதையும் அப்படித் துழாவியது. வாயு நிறைந்த மறைந்த ராட்சதர்கள் திரளாக வந்து விழவில்லை. மாலின் 1 போன்றவை அரியவை என்பதே அந்தத் தேடல் தந்த செய்தி. இந்த இடத்தில் டிஸ்னியின் கணக்கு குறைத்தே வாசிக்கப்பட வேண்டும். ஃப்ரீமனின் எண்ணுக்கு மேல்பக்கம், மிகப் பிரகாசமான வட்டுகள் குறைவாக இருப்பது உண்மையான இயற்கை வரம்பு என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டதும் வலுவானது. விழுந்தது கீழ்ப்பக்கத்து வேலி மட்டும். இன்று அந்தப் பக்கம் மங்கலான மண்டலங்கள் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன, பெரும்பாலானவை சிறியவை.

ஆனால் ‘அரியது’ என்ற சொல்லையும் அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். 2016-ல் லியா ஹேகன், மார்க் செய்பர்ட் குழுவினர் யூஜிசி 1382 என்ற மண்டலத்தை ஆராய்ந்தார்கள். மாலின் 1-ஐவிட வெகு அருகில், சுமார் 25 கோடி ஒளியாண்டில், பட்டியலில் பல காலமாக இருந்த, சாதாரண நீள்வட்ட மண்டலம் என்று முத்திரை குத்தப்பட்ட ஒன்று. புற ஊதாப் படங்களில் அதைச் சுற்றி மெல்லிய சுருள் கைகள் தெரிந்தன. விட்டம் ஏழு லட்சம் ஒளியாண்டுக்கு மேல். பெயர் வைத்து, வகை பிரித்து, கோப்பில் போட்டு மூடிய ஒன்றுக்குள்ளே ராட்சதன் உட்கார்ந்திருந்தான். பட்டியலில் இல்லாதவை எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தோம். பட்டியலில் தவறான பெயரில் இருப்பவை எத்தனை என்றும் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு மாலின் 1-க்குள்ளிருந்தே வந்தது. 2007-ல் ஆரன் பார்த், ஹபிள் தொலைநோக்கி முன்பே எடுத்துவைத்திருந்த படத்தை அலசினார். மையப்பகுதி ஒரு சாதாரண, குறுக்குப் பட்டை கொண்ட மண்டலம்போலவே இருந்தது. இயல்பான பிரகாசமுள்ள ஒரு சிறு வட்டும் அதில் உண்டு. அப்படியானால் 1987-ல் சொன்ன ‘மங்கல் ராட்சத வட்டு’ மிகையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே சாதாரண மண்டலம் ஒன்று இருப்பது வெளியே உள்ள வட்டை அழித்துவிடாது. அது எப்படி வந்தது என்ற கேள்வியைத்தான் கூர்மையாக்குகிறது. 2015-ல் காஸ்பர் கலாஸ் குழுவினர் சிலியின் லாஸ் கம்பானஸில் 6.5 மீட்டர் மகெல்லன் தொலைநோக்கியால் எடுத்த படத்தில், மாலினின் பிரதியில் சாயலாக மட்டும் இருந்த சுருள் கைகள் முழுதாக எழுந்து நின்றன. இருட்டறையில் ஊகித்தது சரி.

நான்கே சுற்று

இனி கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்று நெருடுகிறது. மாலின் 1-ன் வாயு நொடிக்கு 200 கிலோமீட்டர் அளவில் சுழல்கிறது. வட்டின் விளிம்பு மையத்திலிருந்து மூன்று லட்சம் ஒளியாண்டுக்கு மேல் தள்ளி இருக்கிறது. அந்த விளிம்பு ஒரு முறை சுற்றிவரச் சுமார் 300 கோடி ஆண்டு ஆகும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. தொடக்கம் முதலே சுழன்றிருந்தாலும் நான்கு சுற்றுதான், அதற்கு மேல் கொஞ்சம். நம் சூரியன் பால்வீதியை 23 கோடி ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவிடுகிறது. ஆற அமரச் சுழன்று ஒழுங்குபட வேண்டிய சுருள், நான்கே சுற்றில் இப்படித் தெளிவாக எப்படி அமைந்தது? அவ்வளவு வாயு கையில் இருந்தும் விண்மீன் பிறப்பு ஏன் இவ்வளவு மந்தம்?

வட்டு தானாகவே அமைதியாக வளர்ந்தது, அண்டை அயல் இல்லாத வெறுமையில் தப்பிப் பிழைத்தது என்பது ஒரு விளக்கம். மோதலில் பிறந்தது என்பது இன்னொன்று. 2010-ல் ரஷ்ய வானியலாளர் விளாதிமிர் ரெஷெத்னிகோவ் குழுவினர் இரண்டாவது பக்கம் விரல் நீட்டினார்கள். மாலின் 1-ன் மையத்தை ஒட்டியே ஒரு சிறிய துணை மண்டலம் இருக்கிறது. அதோடு, சுமார் பதினொரு லட்சம் ஒளியாண்டு தள்ளி இன்னொரு மண்டலம் நிற்கிறது. அது ஏறக்குறைய நூறு கோடி ஆண்டுக்கு முன் இதன் ஊடாகப் பாய்ந்து போயிருக்கலாம் என்றார்கள் அவர்கள்.

இங்கேதான் முடிச்சு. இவ்வளவு மெல்லிய வட்டு ஒரு மோதலைத் தாங்காமல் சிதறியிருக்க வேண்டும். மோதலே நடக்கவில்லை என்றால் அத்தனை வாயு அவ்வளவு தூரம் எப்படிப் பரவியது என்று விளக்குவது கடினம். பதினொரு லட்சம் ஒளியாண்டு தள்ளி நிற்கும் அந்த அண்டை மண்டலம் வட்டை உடைக்க வந்ததா, விரித்துவிட்டுப் போனதா?

(தொடரும்)